வெளியே சொல்லாத ஒரு நோ

எமது பெண்களுக்குத் துணையாக ஜீ.பி. வைத்தியரிடம் போய் வருபவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து புறப்படும்போது சொல்ல நினைத்த வருத்தம் ஒன்று, வைத்தியருக்கு முன்னால் கதிரையில் இருந்ததும் வாயில் வருவது இன்னொன்று. "நாரி நோ" என்பார்கள். "அடிவயிற்றுக்குள் பிடிக்கிறது" என்பார்கள். வைத்தியர் நாரியைப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, பரசிற்றமோல் போடச் சொல்லுவார். அத்துடன் பத்து நிமிடம் முடிந்துவிடும். திரும்பி வரும் வழியில், பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் உண்மை வெளிவரும். "அக்கா, நான் சொல்ல வந்தது அதில்லை. அவரோட சேருற நேரம்தான் நோ. தாங்க ஏலாமல் கிடக்கு."

இந்தப் பஸ் தரிப்புக் கதையை நாம் ஒரு தடவையல்ல, பல தடவை கேட்டிருக்கிறோம். ஸ்பொன்சரில் வந்து நான்கு மாதமான இளம் பெண்ணிடமும் கேட்டோம். இரண்டாவது பிள்ளைக்குத் தையல் போட்டதிலிருந்து இப்படித்தான் என்ற தாயிடமும் கேட்டோம். மாதவிடாய் நின்று ஐந்து வருடமான ஓர் அம்மா, "இந்த வயதில் இதை ஒரு வருத்தமென்று சொல்லிக்கொண்டு போகலாமோ?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார். மூவரும் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு காரணத்தால், ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இது தனக்கு மட்டும் வந்த குறை, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்பதே அந்த முடிவு.

பொறுத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. உடலுறவின்போது வரும் நோவுக்கு வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியத்தில் ஒரு பெரிய பங்கு பிசியோதெரப்பியினுடையது என்பது எம்மவரில் அநேகருக்குத் தெரியாது. பிசியோதெரப்பி என்றால் ஊரில் நாம் கண்டது கால் முறிந்தவர்களுக்கும், பாரிசவாதம் வந்தவர்களுக்கும், செல் பட்டுக் கை கால் இழந்தவர்களுக்கும் செய்ததைத்தான். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது நியாயமே. அந்தச் சம்பந்தத்தைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம். கட்டுரையைப் படிக்கும் ஆண்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஏணை போன்ற தசை

பிள்ளையை வளர்த்த ஏணையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலையின் இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்கும், நடுப்பகுதி தொய்ந்து பாரத்தைத் தாங்கும். பெண்ணின் இடுப்பெலும்புக்குள்ளும் அப்படி ஒரு தசைத் தட்டு இருக்கிறது. முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து, பின்னால் முதுகெலும்பு முடியும் வால் எலும்பு வரை அது நீளுகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் இருக்கின்றன. சிறுநீர் வழி, யோனி, மலவாசல் மூன்றும் அதனூடாக வெளியே வருகின்றன.

இந்தத் தசை தொய்ந்தால் என்ன நடக்கும் என்பது பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தெரியும். இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும். ஆனால் இதே தசை இறுகியும் போகலாம். கை முட்டியை இறுக்கிப் பொத்தி ஒரு மணித்தியாலம் வைத்திருந்து பாருங்கள். பிறகு விரித்தால் விரல் நோகும், உள்ளங்கை எரியும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், இந்த இடுப்புத் தசை அப்படிப் பொத்தியபடியே இருக்கிறது. பொத்தியிருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

ஏன் பொத்துகிறது? கண்ணுக்கு நேரே ஒரு கை வந்தால் இமை தானாக மூடிக்கொள்கிறது. மூடு என்று நாம் சொல்வதில்லை. அதுபோலத்தான் இதுவும். ஒரு முறை நொந்தால், அடுத்த முறை நோகும் என்று உடம்பு முன்கூட்டியே காவல் போடுகிறது. காவல் போட்ட தசை இறுகி நிற்பதால் அடுத்த முறை இன்னும் கூட நோகிறது. நொந்தபடியால் பயம் கூடுகிறது, பயத்தால் இறுக்கம் கூடுகிறது. இது பெண்ணின் விருப்பத்துக்கு அப்பாற்பட்டது. "மனம் வைத்தால் சரிவரும்", "கொஞ்சம் பல்லைக் கடித்தால் பழகிப்போகும்" என்று சொல்லும் பெரியவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பல்லைக் கடித்தால் அந்தத் தசையும் சேர்ந்து கடிக்கும். அந்த அறிவுரை நோவைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

சிலருக்கு யோனி வாசல் அறவே இறுகி, எதையும் உட்செலுத்த முடியாமல் இருக்கும். கலியாணமாகி இரண்டு மூன்று வருடமாகியும் உறவு நடவாத தம்பதிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் எல்லோரும் "இன்னும் ஒன்றும் இல்லையோ?" என்று கலியாண வீடுகளில் கேட்கிறோம். இந்த நிலைக்கு இங்குள்ள வைத்தியர்கள் வஜைனிஸ்மஸ் என்று பெயர் சொல்வார்கள். இந்தப் பெயர் 1860களிலிருந்தே வைத்திய நூல்களில் இருக்கிறது. அதாவது, இது இந்த நாட்டுக்கு வந்து எமக்குத் தொற்றிய புது வருத்தமுமல்ல, எமது பெண்களுக்கு மட்டுமுரிய வெட்கத்தால் வந்த வருத்தமுமல்ல.

முதலில் வைத்தியர்

எல்லா நோவுக்கும் தசைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரே பிசியோதெரப்பிக்குப் போகமுன் வைத்தியர் பார்த்துத் தீர்க்க வேண்டிய காரணங்கள் சில உண்டு. கிருமித்தொற்று, பங்கசு, தோல் வருத்தங்கள் என்பன வாசலில் எரிவை உண்டாக்கும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைந்திருப்பதால் யோனி வறண்டுபோகும். மாதவிடாய் நின்ற பிறகும் அப்படியே. அந்த வறட்சிக்கு உள்ளே வைக்கும் சிறு குளிசையோ பூசும் கிறீமோ வைத்தியர் எழுதித் தருவார். மேலே சொன்ன அம்மாவுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது அதுதான்.

ஆழத்தில் நோகிறது, மாதவிடாய் நாட்களில் எழும்ப முடியாத குத்து, மலம் கழிக்கும்போதும் நோ என்றால் என்டோமெட்ரியோசிஸ் என்ற வருத்தமாக இருக்கலாம். பிரித்தானியாவில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லவே சராசரியாக 8 வருடமும் 10 மாதமும் எடுக்கிறது என்று அந்நோய்க்கான தொண்டு நிறுவனமான என்டோமெட்ரியோசிஸ் யூ.கே. 2024இல் அறிக்கை வெளியிட்டது. இங்கே பிறந்து ஆங்கிலம் பேசுபவர்களையும் உள்ளடக்கிய கணக்கு அது. நாரி நோ என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவருக்கு எத்தனை வருடம் எடுக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டால், மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டால், காய்ச்சலோடு அடிவயிறு நொந்தால், மணமுள்ள புதுவிதமான வெள்ளை பட்டால் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னுமொன்று. உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவுவது எமது பெண்களிடம் அதிகம். துப்புரவு என்று நினைத்துச் செய்வது அங்குள்ள மெல்லிய தோலை எரித்துவிடுகிறது. வெளிப்புறம் வெறும் தண்ணீர் போதும். உள்ளே கழுவவே தேவையில்லை.

அந்த அறைக்குள் நடப்பது

பயமெல்லாம் இங்கேதான். "போனவுடன் உடுப்பைக் கழற்றச் சொல்லுவினமோ?" என்பதே நாம் கேட்ட முதல் கேள்வி. இல்லை. இடுப்புத் தசைக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரப்பிஸ்ட்டிடம் முதல் சந்திப்பு பெரும்பாலும் கதைதான். முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கூட ஒதுக்குவார்கள். எந்த இடத்தில் நோ, எப்போதிருந்து, வாசலிலா ஆழத்திலா, எரிவா குத்தா, சிறுநீர் எப்படி, மலச்சிக்கல் உண்டா, எத்தனை பிள்ளைகள், தையல் போட்டதா என்று கேட்பார்கள். மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று ஆச்சரியப்படாதீர்கள். எல்லாம் அந்த ஒரே ஏணையினூடாகப் போவதுதான். முக்கி முக்கி மலம் கழிப்பவருக்கு அந்தத் தசை என்றைக்கும் இளகாது.

பிறகு நீங்கள் நிற்கும் விதம், மூச்சு விடும் விதம், இடுப்பு, தொடை, வயிற்றுத் தசைகள் ஆகியவற்றை வெளியே தொட்டுப் பார்ப்பார்கள். உட்பரிசோதனை என்பது நீங்கள் சம்மதித்தால் மட்டும். முதல் நாளே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்றாம் நாளும் வேண்டாமென்றாலும் வைத்தியம் நின்றுவிடாது. சம்மதித்தால் கையுறை போட்ட ஒரு விரலால், ஜெல் பூசி, எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று மெதுவாகப் பார்ப்பார்கள். வைத்தியர்கள் உள்ளே வைத்து விரிக்கும் அந்தக் கருவி இதில் இல்லை. போர்வையால் மூடியிருப்பார்கள். "நிற்பாட்டுங்கோ" என்று சொன்ன உடனே நிற்பாட்டுவார்கள். பக்கத்தில் இன்னொரு பெண் நிற்க வேண்டுமென்றும் நீங்கள் கேட்கலாம். கலியாணமாகாத பெண்களும் போகலாம். ரம்பொன் வைக்க முடியவில்லை, நோகிறது என்பதே போவதற்குப் போதிய காரணம். இதனால் "கன்னித்தன்மை" போய்விடும் என்று அஞ்சும் தாய்மாருக்கு ஒன்று சொல்கிறோம். கன்னிச்சவ்வு என்பது பூட்டிய கதவல்ல. அது வாசலைச் சுற்றியுள்ள மெல்லிய இழைய மடிப்பு. அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

அதன்பின் என்ன செய்வார்கள்? முதல் வேலை, இறுகிய தசையை இளக்கக் கற்றுக்கொடுப்பது. இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருத்துவிச்சிமார் "இறுக்கி விடுங்கள், இறுக்கி விடுங்கள்" என்று ஓர் அப்பியாசம் சொல்லித் தருவார்கள். 1948இல் ஆர்னல்ட் கேகல் என்ற அமெரிக்க வைத்தியர் அதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிறுநீர் கசிவுக்கு அது நல்ல அப்பியாசம். ஆனால் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் நோ கூடும். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று தொடங்காமல், உங்கள் தசை தொய்ந்ததா இறுகியதா என்று பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

இளக்கும் அப்பியாசங்கள் எளிமையானவை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். வயிறு உயர வேண்டும், நெஞ்சல்ல. மூச்சு உள்ளே போகும்போது கீழ்த் தசையும் மெல்லக் கீழிறங்கும். சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது உள்ளே ஒன்று விடுபடுவது போன்ற உணர்வு அது. முக்கக் கூடாது. காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் செய்யலாம். இன்னொன்று, குந்தியிருப்பது. திருவலையில் தேங்காய் திருவியபோதும், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தபோதும் நாம் குந்தித்தானே இருந்தோம். முழங்கால் வருத்தம் இல்லாதவர்கள் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் குந்தலாம். ஆங்கில மலகூடத்தில் இருக்கும்போது காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் முக்கத் தேவையிருக்காது.

பிள்ளைப்பேற்றுத் தையல் தழும்பு நோகிறதென்றால், காயம் நன்றாக ஆறிய பிறகு, அதாவது சுமார் ஆறு கிழமைக்குப் பின்னர், தழும்பை விரலால் மெதுவாக நீவி இளக்கக் காட்டித் தருவார்கள். பத்தியமும் வேது பிடித்தலும் செய்து பார்த்த எமது தாய்மார் இந்த நீவலையும் விளங்கிக்கொள்வார்கள்.

எதையும் உட்செலுத்த முடியாத பெண்களுக்கு டைலேற்றர் என்ற ஒரு தொகுதி பொருள் உண்டு. வழவழப்பான பிளாஸ்ரிக் அல்லது சிலிக்கன் குழல்கள், மெல்லியதிலிருந்து பருமனானது வரை நாலைந்து அளவில் இருக்கும். ஆகச் சிறியது சின்ன விரலளவு. வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு, ஜெல் பூசி, மூச்சோடு சேர்த்து, ஐந்து பத்து நிமிடம். முதலாவது சரளமாகப் போனபின்தான் இரண்டாவது. நோக நோகச் செய்யக் கூடாது. "நோகாமல் இதுவும் நடக்கும்" என்று உடம்புக்குப் படிப்பிப்பதே இதன் நோக்கம். வாசலை விரிப்பதற்கல்ல, வாசல் எவருக்கும் சிறியதல்ல. என்.எச்.எஸ். ஊடாக வைத்தியர் எழுதித் தந்து பெறக்கூடிய வகைகளும் உண்டு.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலிலும் ஷேர்புறூக்கிலும், யோனி வாசலில் நோவுள்ள 212 பெண்களை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குக் கிழமைக்கொரு தடவையாகப் பத்துக் கிழமை பிசியோதெரப்பி. மற்றப் பகுதியினருக்கு அதே காலத்துக்கு இரவில் பூசும் லிடோகெயின் என்ற விறைப்பு மருந்து. 2021இல் முடிவு வெளிவந்தது. பிசியோதெரப்பி பெற்றவர்களில் நூற்றுக்கு 79 பேர் தமக்கு நன்றாகவோ மிக நன்றாகவோ சுகம் கண்டதென்றார்கள். மருந்து பூசியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 39 பேர். எல்லோருக்கும் முற்றாகச் சுகமாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. மூன்று மாதத்தில் மாறுபவரும் உண்டு, வருடம் எடுப்பவரும் உண்டு, இடையில் பழைய நோ திரும்பி வந்து மனம் உடைபவரும் உண்டு.

கணவன்மாருக்கு

இந்த வைத்தியம் நடக்கும் காலத்தில் உடலுறவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி பெரும்பாலும் சொல்வார்கள். காரணம் மேலே எழுதியதுதான். ஒவ்வொரு நோவும் காவலை இறுக்குகிறது. நிறுத்திவைப்பது என்றால் ஆளுக்கொரு அறையில் படுப்பதல்ல. கையைப் பிடிப்பது, அணைப்பது, தலை தடவுவது எதுவும் இதில் தடையில்லை. சொல்லப்போனால், "இது உறவில் போய் முடியாது" என்ற உறுதி இருந்தால்தான் அவள் அணைப்பைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்வாள்.

கணவன்மாரின் மனக்கஷ்டத்தையும் நாம் அறிவோம். படத்தைப் பார்த்து, ரெலிபோனில் கதைத்து, கடன்பட்டுக் கலியாணம் செய்து, ஹீத்ரோவில் போய்க் கூட்டிவந்த பெண் தன்னைக் கண்டு உடம்பை இறுக்குகிறாள் என்றால், "என்னைப் பிடிக்கவில்லையோ?", "ஊரில் வேறு யாரையும் விரும்பியிருந்தாளோ?" என்றெல்லாம் ஒருவனுக்குத் தோன்றும். தோன்றுவதை யாரிடமும் சொல்லவும் முடியாது. இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து, பேசாமல் படுத்துவிடுவான். ஆனால் அந்த இறுக்கம் உங்களைப் பற்றிய தீர்ப்பல்ல. முடிந்தால் முதல் சந்திப்புக்குக் கூடவே போய் வெளியே இருங்கள். அவள் விரும்பினால் உள்ளேயும் போய்க் கேளுங்கள்.

ஜெல் விடயமும் உங்களுக்கே. உறவின்போது பூசும் ஜெல் எந்தப் பார்மசியிலும் மருந்துச் சீட்டில்லாமல் வாங்கலாம். தண்ணீர் கலப்பில் செய்தது நல்லது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வசலின் என்பவற்றோடு ஆணுறை பாவித்தால் ஆணுறை கிழிந்துபோகும்.

இந்த நாட்டின் சட்டத்தையும் ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். மனைவி என்பதால் சம்மதம் என்றைக்கும் கொடுத்தாயிற்று என்ற எண்ணத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1991இலேயே தள்ளிவிட்டார்கள். மனைவி வேண்டாமென்ற இடத்தில் வற்புறுத்துவது இங்கே பெருங்குற்றம். வீட்டில் வற்புறுத்தலுக்கோ அடிக்கோ ஆளாகும் பெண்கள் 0808 2000 247 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் ரெலிபோன் எடுக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 999.

இன்னொரு கூட்டம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதாமல் விடவும் முடியாது, அதிகம் எழுதவும் மனம் வரவில்லை. யுத்தத்தில், சோதனைச் சாவடியில், தடுப்பு முகாமில் தமக்கு நடந்ததை எவருக்கும் சொல்லாதவர்கள். அவர்களது உடம்பு போடும் காவலுக்கு வேறு வரலாறு உண்டு. அவர்களுக்கும் பிசியோதெரப்பி உதவும், ஆனால் மனதுக்கான சிகிச்சையோடு சேர்த்து, இன்னும் மெதுவாக. நடந்ததை விபரமாகச் சொல்லத் தேவையில்லை. "எனக்கு முன்பு ஒரு கெட்ட அனுபவம் நடந்தது, என்னைத் தொடமுன் கேளுங்கள்" என்ற அளவில் சொன்னாலே போதும். சித்திரவதைக்குள்ளானவர்களுக்கென்று 1985இல் ஹெலன் பம்பர் தொடங்கிய நிறுவனம் இன்று பிரீடம் புறொம் ரோச்சர் என்ற பெயரில் லண்டனில் இயங்குகிறது. உங்கள் ஜீ.பி.யோ வழக்கறிஞரோ அங்கு எழுதி அனுப்பலாம்.

கேட்பது எப்படி

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தத்தமது நாட்டு ஒழுங்கைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டறிந்துகொள்ளவும்.

ஜீ.பி.யிடம் பதிவதற்கு விசா நிலையைக் காட்டத் தேவையில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களும் பதியலாம். அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போது பெண் வைத்தியர் வேண்டும், இரட்டை நேரம் வேண்டும் என்று கேளுங்கள். காரணம் என்னவென்று வரவேற்பு மேசையில் கேட்டால் பெண்கள் சம்பந்தமான விடயம் என்று மட்டும் சொன்னால் போதும்.

உள்ளே போனதும் நாரியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்ல விரும்பினால் இவ்வளவுதான்: "ஐ ஹாவ் பெயின் டியூரிங் செக்ஸ். ஐ வுட் லைக் டு சீ எ பெல்விக் ஹெல்த் பிசியோதெரப்பிஸ்ட்." உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த வைத்தியர் இந்த வசனத்தைப் பலரிடம் கேட்டவர்தான். சில பகுதிகளில் ஜீ.பி. இல்லாமலே நேரடியாகப் பிசியோதெரப்பிப் பகுதிக்கு விண்ணப்பிக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் மருத்துவிச்சியிடமே கேட்கலாம். இங்கிலாந்தில் அவர்களுக்கென்று தனி இடுப்புத் தசைச் சேவை உண்டு. காத்திருக்கும் காலம் மாதக்கணக்காக நீளலாம். ஆகவே பொறுத்துப் பார்த்துப் போவோம் என்று இராமல் பெயரையாவது கொடுத்து வையுங்கள். காத்திருக்கும் காலத்தில் மூச்சு அப்பியாசத்தைத் தொடங்கலாம். காசு கட்டித் தனியாரிடம் போகிறவர்கள், அந்தப் பிசியோதெரப்பிஸ்ட்டின் பெயர் ஹெல்த் அன்ட் கெயார் புறொபெஷன்ஸ் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் பாவிப்பது சட்டவிரோதம்.

நோவுக்குப் பயந்து கருப்பை வாசல் பரிசோதனையைத் தட்டிக்கழித்து வருபவர்களும் இதே வசனத்தைத் தாதியிடம் சொல்லலாம். 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்கு வரும் அழைப்புக் கடிதம் அது. சிறிய கருவி கேட்கலாம், தானே உட்செலுத்தக் கேட்கலாம், பக்கவாட்டில் படுக்கக் கேட்கலாம்.

இனி மொழி. மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும். தயவுசெய்து பாடசாலைப் பிள்ளையை இதற்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பன்னிரண்டு வயது மகளின் வாயால் சொல்லுவிக்கும் விடயமல்ல இது, மகனென்றால் கேட்கவே வேண்டாம். மாமியாரையும் மைத்துனியையும் தவிர்ப்பது நல்லது. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் கோயிலில் போய்க் கதைத்துவிடுவா" என்ற பயம் பலருக்கு உண்டு. எமது சனம் சிறியது, பயத்தில் நியாயமில்லை என்று சொல்லமாட்டோம். அவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் ரெலிபோன் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வேறு நகரத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வரும். முகம் தெரியாது, பெண் குரல்தான் வேண்டுமென்றும் கேட்கலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலே கதைக்கும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் கடிதம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் இடங்களில், ஆங்கிலம் தெரிந்தவர் எல்லோருடைய கடிதத்தையும் உடைத்து வாசிப்பது வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அப்பொயின்ற்மென்ற் கடிதத்தின் தலைப்பிலேயே எந்தப் பகுதி என்று போட்டிருக்கும். அதனால் வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்புங்கள் என்று ஜீ.பி.யிடம் பெயர் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தத் தொலைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.